பெரிய டிரான்சிஸ்டர் போட்டும் எரிகிறதே!

மின்சாதனக் கேள்வி-பதில்

"ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். 2 சோலார் பேனல், 24 வோல்ட் பேட்டரி, எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலர் மூலம் பனித்தெளிப்பு பம்ப் ஓடுகிறது. சித்திரை வெயிலில் கன்ட்ரோலருக்குள் இருந்த மாஸ்ஃபெட் எரிந்துவிட்டது. பழுது பார்த்த தம்பி, 'அண்ணே, இருந்ததைவிட ரெண்டு மடங்கு ஆம்பியர் தாங்குறதா போட்டிருக்கேன், இனி பயமே இல்லை' என்றார். 20 நாளில் அதுவும் எரிந்தது. இரண்டு முறையும் தெளிப்பு நின்று தக்காளி, மிளகாய் நாற்றுத் தட்டுகள் வாடிவிட்டன. பெரியதாகப் போட்டும் ஏன் எரிகிறது?"

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

பழுது பார்த்தவர் செய்தது பார்வைக்குச் சரியான வேலைதான். சுவிட்ச், ஃபியூஸ் கட்டை, கான்டாக்டர் போன்றவற்றில் ஆம்பியர் கூடுதலாக உள்ளதைப் போட்டால் சூடு குறையும். மாஸ்ஃபெட்டும் ஒரு சுவிட்ச்தான். ஆனால், கான்டாக்டர் நாளுக்கு நான்கு முறை சேர்ந்து பிரியும். சார்ஜ் கன்ட்ரோலரில் உள்ள மாஸ்ஃபெட் நொடிக்குப் பல்லாயிரம் முறை சேர்ந்து பிரிகிறது. அங்கே சூட்டைத் தீர்மானிப்பது ஆம்பியர் மட்டும் அல்ல. எவ்வளவு வேகமாகச் சேர்ந்து, எவ்வளவு வேகமாகப் பிரிகிறது என்பதும்தான்.

டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு இது எளிதில் புரியும். கிளட்ச்சை முழுவதும் மிதித்தால் என்ஜின் தனி, சக்கரம் தனி. முழுவதும் விட்டால் இரண்டும் ஒன்றாக ஓடும். இந்த இரண்டு நிலையிலும் கிளட்ச் தட்டுக்குச் சேதம் இல்லை. அரை கிளட்ச்சில் ஓட்டும்போதுதான் தட்டு உரசிக் கருகுகிறது. டிரான்சிஸ்டரும் அப்படியே. முழுவதும் மூடியிருந்தால் அதன்மேல் வோல்டேஜ் இருக்கும், கரன்ட் இருக்காது. முழுவதும் திறந்திருந்தால் கரன்ட் ஓடும், அதன்மேல் வோல்டேஜ் மிகக் குறைவாக இருக்கும். திறப்பதற்கும் மூடுவதற்கும் இடைப்பட்ட அந்த நொடித்துளியில் மட்டும் வோல்டேஜ், கரன்ட் இரண்டும் சேர்ந்து அதன் தலையில் விழுகின்றன. அதுதான் டிரான்சிஸ்டரின் அரை கிளட்ச்.

ஒட்டன்சத்திரம் பண்ணையைப் போன்ற அமைப்புக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 பேனல்களைத் தொடராக இணைத்தால் சுமார் 75 வோல்ட். பேட்டரிப் பக்கம் 20 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், பாதி வழியில் இருக்கும்போது மாஸ்ஃபெட் தாங்க வேண்டியது சராசரியாக 750 வாட். இப்படிப்பட்ட கன்ட்ரோலர் நொடிக்கு 50,000 முறை இயங்குவதாகக் கொண்டால் ஒரு சுற்றுக்கு 20 மைக்ரோ நொடி கிடைக்கிறது. அதில் திறக்கவும் மூடவும் சேர்த்து 0.2 மைக்ரோ நொடி ஆனால், அது மொத்த நேரத்தில் 100-ல் 1 பங்கு. 750 வாட்டில் 100-ல் 1 பங்கு 7.5 வாட். அதுவே 0.6 மைக்ரோ நொடி ஆனால் 22.5 வாட்.

திறந்திருக்கும்போது ஏற்படும் இழப்பு இதைவிட மிகக் குறைவு. 8 மில்லி ஓம் மின்தடை உள்ள மாஸ்ஃபெட் என்றால் ஏறக்குறைய 1.1 வாட். இரண்டு மடங்கு பெரியதைப் போட்டு மின்தடையை 4 மில்லி ஓம் ஆக்கினால் அது சுமார் அரை வாட்டாகக் குறையும். மிச்சம் அரை வாட்தான்.

ஆனால், பெரிய மாஸ்ஃபெட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. மாஸ்ஃபெட்டில் 'கேட்' என்று ஒரு கால் உண்டு. அது ஒரு சின்னத் தொட்டி மாதிரி. அதில் மின்னூட்டம் நிரம்பினால் மாஸ்ஃபெட் திறக்கும், வடிந்தால் மூடும். பெரிய மாஸ்ஃபெட்டில் பொதுவாக இந்தத் தொட்டியும் பெரியது. சில வகைகளில் 2, 3 மடங்குகூட இருக்கும். அதை நிரப்பும் 'டிரைவர்' என்ற சிறு ஐ.சி. அப்படியே பழையதுதான். அரை அங்குலக் குழாயை வைத்துக்கொண்டு பெரிய தொட்டியை நிரப்பினால் நேரம் ஆகத்தான் செய்யும். 0.2 மைக்ரோ நொடியில் முடிந்த வேலை 0.6 ஆகிறது. அரை வாட்டை மிச்சம் பிடிக்கப்போய் 15 வாட் கூடுதல் சூடு வந்து சேர்கிறது.

500 வாட் ஓடும் இடத்தில் 15 வாட் பெரிய இழப்பு அல்ல. பேட்டரி நிரம்புவதிலும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் 20 நாள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால், அந்தச் சூடு முழுவதும் விரல் நகம் அளவே உள்ள ஒரு துண்டில் இறங்குகிறது. ஒரு வாட்டுக்கு 3 டிகிரி ஏறும் என்று கொண்டால், பழைய மாஸ்ஃபெட் பெட்டிக்குள் இருக்கும் காற்றைவிட 26 டிகிரி கூடுதலாகச் சுடும். புதியது 69 டிகிரி கூடுதலாகச் சுடும். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மதியத்தில் பெட்டிக்குள் 60 டிகிரி இருந்தால், பழையது 86-ல் நிற்கும். புதியது 129-க்குப் போய்விடும். ஹீட் சிங்க்கில் தூசி அடைத்து, திருகும் சற்றுத் தளர்ந்து, வாட்டுக்கு 4 டிகிரி ஏறும் நிலை வந்தால் 150-ஐத் தாண்டும். பல சிலிக்கான் மாஸ்ஃபெட்களுக்கு எல்லை 150 டிகிரிதான், சிலவற்றுக்கு 175. சூடு ஏற ஏற அதன் மின்தடையும் கூடும் என்பதால் கடைசி நேரத்தில் சூடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

இரண்டாம் முறை எரிவதற்கு இன்னொரு காரணமும் அடிக்கடி உண்டு. மாஸ்ஃபெட் எரியும்போது பேனல் வோல்டேஜ் கேட் வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்து டிரைவர் ஐ.சி.யையும் கேட் ரெசிஸ்டரையும் கெடுத்துவிடும். டிரைவர் முழுவதும் செத்துவிட்டால் கன்ட்ரோலர் ஓடாது, உடனே தெரிந்துவிடும். பாதி உயிரோடு இருந்தால்தான் ஆபத்து. கன்ட்ரோலர் ஓடும், ஆனால் கேட் தொட்டி மெதுவாக நிரம்பும். புது மாஸ்ஃபெட் நாள் முழுக்க அரை கிளட்ச்சில் ஓடும்.

எனவே, மறுபடி பழுது பார்க்கக் கொடுக்கும்போது மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை:

1. முதலில் இருந்த அதே எண்ணுள்ள மாஸ்ஃபெட் கிடைத்தால் அதையே போட வேண்டும். கிடைக்காவிட்டால் வோல்ட், ஆம்பியர், மின்தடை மூன்றோடு 'கேட் சார்ஜ்' அளவையும் தகவல் தாளில் பார்த்து, பழையதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது 'நானோ கூலம்' என்ற அலகில் இருக்கும்.

2. வோல்ட்டை மறக்கக் கூடாது. கடைகளில் எளிதில் கிடைக்கும் ஐ.ஆர்.எஃப். 3205 என்ற மாஸ்ஃபெட் 110 ஆம்பியர் என்று போட்டிருக்கும். ஆனால் 55 வோல்ட்தான் தாங்கும். 75 வோல்ட் பேனல் பக்கம் அதைப் போட்டால் முதல் வெயிலிலேயே போய்விடும். இரண்டு பேனல் தொடரில் சுமை இல்லாதபோது வோல்டேஜ் 90 வரைகூடப் போகும் என்பதால், 100-க்கு மேல் தாங்குவதே பாதுகாப்பு.

3. மாஸ்ஃபெட்டோடு டிரைவர் ஐ.சி., கேட் ரெசிஸ்டர் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இவற்றின் விலை மாஸ்ஃபெட்டைவிடப் பெரிதாக இருக்காது.

4. 'வேகமாகத் திறக்கட்டும்' என்று கேட் ரெசிஸ்டர் மதிப்பைத் தன் விருப்பத்துக்குக் குறைக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று வால்வை மூடி நிறுத்தினால் குழாய் 'டமார்' என்று அதிர்வதைப் போல, கரன்ட்டை மிக வேகமாக வெட்டினால் வோல்டேஜ் துள்ளி எழும். அந்தத் துள்ளலே மாஸ்ஃபெட்டைக் கொல்லும். பக்கத்தில் இருக்கும் எஃப்.எம். ரேடியோவில் 'கர்ர்' என்று இரைச்சல் வந்தால் இந்தத் துள்ளல் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். அதை அடக்க ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த 'ஸ்னப்பர்' அமைப்பு பலகையில் இருக்கும். அது கருகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

5. ஹீட் சிங்க் பேஸ்ட் மெல்லியதாகத் தடவி, காப்புத் தாள் கிழியாமல் வைத்து, திருகை முழுவதும் முறுக்க வேண்டும்.

6. முதல் ஓட்டத்தை உச்சி வெயிலில் வைக்காமல் காலை இளவெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏதாவது தவறு இருந்தால் குறைந்த கரன்ட்டில் தெரிந்துவிடும்.

பண்ணையில் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. கன்ட்ரோலர் வெயில் படாத சுவரில், ஹீட் சிங்க் மடிப்புகள் மேலும் கீழுமாக நிற்கும்படி, சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விட்டு இருக்க வேண்டும். பேட்டரிக்கு நேர் மேலே வைக்கக் கூடாது. அமிலப் புகை பலகையை அரிக்கும். மாதம் ஒருமுறை மடிப்புகளில் உள்ள தூசியைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். மதியம் 1 மணிக்குப் பெட்டியின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து நான்கைந்து நொடிகூடப் பொறுக்க முடியவில்லை என்றால், காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். கழற்றும்போது முதலில் பேனல் இணைப்பு, பிறகு பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் சில கன்ட்ரோலர்கள் அந்த நிமிடமே போய்விடும். விடிந்தது முதல் சாயங்காலம் வரை பேனல் கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நாற்றுக்குத் தண்ணீர் ஒரு மதியம்கூடத் தவறக் கூடாது என்பதால், கன்ட்ரோலர் பழுதாகும் நாளுக்கு பூவாளியையோ கைத்தெளிப்பானையோ தயாராக வைத்திருப்பது நல்லது.

"20 வருடத்துக்கு முன் வாங்கிய இன்வெர்ட்டர் ஒன்று கிடக்கிறது. உள்ளே 2என்3055 டிரான்சிஸ்டர்கள். 120 வாட் சுமைக்கே அடுப்பு மாதிரி சுடுகிறது. இதற்கும் வேகக் குறைவுதான் காரணமா? இதையே வேகமாக ஓட வைத்தால் திறன் கூடுமா?"

- வாசகர், பேராவூரணி.

இங்கே காரணம் வேறு. பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இன்வெர்ட்டர் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. நொடிக்கு 100 முறைதான் மாற்றம். ஒவ்வொரு முறையும் 10 மைக்ரோ நொடி வீணானாலும், மொத்தம் 1,000-ல் 1 பங்குதான். ஆகவே அரை கிளட்ச் பிரச்னை இங்கே கிடையாது.

2என்3055 முழுவதும் திறந்த நிலையிலும் அதன்மேல் கணிசமான வோல்டேஜ் நிற்கிறது. 4 ஆம்பியரில் அது 1.1 வோல்ட் வரையும், 10 ஆம்பியரில் 3 வோல்ட் வரையும் போகலாம். 120 வாட் சுமைக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 10 ஆம்பியர், 3 வோல்ட் என்றால் 30 வாட் சூடு. பேட்டரியின் 12 வோல்ட்டில் கால் பங்கு டிரான்சிஸ்டரிலேயே கரைந்துபோகிறது. போதாக்குறைக்கு, 10 ஆம்பியரில் இதன் பெருக்கம் 5 ஆகவும் இறங்கலாம். அதாவது 10 ஆம்பியரைத் திறக்க, பேஸ் காலுக்கு மட்டும் 2, 3 ஆம்பியர் தர வேண்டும். அது கிடைக்காவிட்டால் டிரான்சிஸ்டர் பாதியில் நின்று இன்னும் சுடும்.

ஒரு பக்கத்துக்கு 3 டிரான்சிஸ்டர்களை இணையாகப் போட்டு, ஒவ்வொன்றின் எமிட்டரிலும் 0.1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால், கரன்ட் பங்கிட்டுக்கொண்டு சூடு குறையும். 10 மில்லி ஓம் மாஸ்ஃபெட்டில் அதே 10 ஆம்பியருக்கு இழப்பு 1 வாட்தான். ஆனால், 2என்3055-ஐக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அப்படியே மாஸ்ஃபெட்டைப் போட முடியாது. ஒன்றுக்கு பேஸ் கரன்ட் வேண்டும், மற்றொன்றுக்கு கேட்டில் சுமார் 10 வோல்ட் வேண்டும். இயக்கும் சுற்றையே மாற்ற வேண்டும்.

ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 20,000 ஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால், 2என்3055 அதற்கு ஏற்றதல்ல. இந்த வகை டிரான்சிஸ்டரை ஆழமாகத் திறந்தால் உள்ளே மின்னூட்டம் தேங்கிவிடும். பேஸ் கரன்ட்டை நிறுத்திய பிறகும் அது வடியும்வரை டிரான்சிஸ்டர் மூடாது. மடையை அடைத்த பிறகும் வாய்க்காலில் நிற்கிற தண்ணீர் ஓடி முடிவதைப் போல. இதைச் சரிக்கட்ட பேஸ் ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு சிறு கெப்பாசிட்டர் வைப்பார்கள். அது திறக்கும்போது ஒரு தள்ளும், மூடும்போது ஒரு இழுப்பும் கொடுக்கும். டையோடு வைத்து டிரான்சிஸ்டர் ஆழமாகத் திறக்காமல் தடுக்கும் 'பேக்கர் கிளாம்ப்' என்ற முறையும் உண்டு. இரண்டும் நல்ல முறைகள்தாம். ஆனாலும் பிறவியிலேயே மெதுவான டிரான்சிஸ்டரை அவை மாஸ்ஃபெட்டாக மாற்றிவிடாது. பழைய பெட்டியை விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும் வைத்துக்கொள்வதே லாபம்.

"எங்கள் கிணற்றுப் போரில் 500 அடியில் நீர்மூழ்கி மோட்டார். 7.5 ஹெச்.பி. சோலார் பம்ப் கன்ட்ரோலர் ஓடும்போது 'கீ' என்று சத்தம். தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஏதோ ஒரு எண்ணை 4-லிருந்து 12 ஆக்கினார். சத்தம் நின்றது. ஆனால் மதியம் மதியம் 'ஓவர் ஹீட்' என்று நின்றுவிடுகிறது. இப்போது மோட்டார் காயிலும் போய்விட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?"

- வாசகர், பொங்கலூர்.

கன்ட்ரோலர் நிற்பதற்கு அந்த எண்ணே நேரடிக் காரணம். மோட்டார் காயில் போனதிலும் அதற்குப் பங்கு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அவர் மாற்றியது 'கேரியர் ஃப்ரீக்வென்சி'. கன்ட்ரோலருக்குள் உள்ள டிரான்சிஸ்டர்கள் நொடிக்கு எத்தனை முறை திறந்து மூட வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. 4 என்றால் நொடிக்கு 4,000 முறை. 12 என்றால் 12,000 முறை. அவ்வளவு உயர்ந்தால் சத்தம் காதுக்கு எட்டுவது குறையும். ஆனால், ஒவ்வொரு திறப்புக்கும் மூடலுக்கும் ஓர் அரை கிளட்ச் உண்டு என்பதால், அந்த இழப்பு அப்படியே 3 மடங்கு ஆகிறது.

இந்தக் கன்ட்ரோலர்களில் பெரும்பாலும் இருப்பது ஐ.ஜி.பி.டி. என்ற டிரான்சிஸ்டர். இதற்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. இதை உருவாக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்த பி.ஜெயந்த் பாலிகா சென்னையில் பிறந்தவர்; 1969-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில், மோட்டார் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் கருவிகளுக்காக இதில் இறங்கினார். ஐ.ஜி.பி.டி. அதிக வோல்டேஜும் அதிக கரன்ட்டும் தாங்கும். ஆனால் மூடும்போது உள்ளே தேங்கிய மின்னூட்டத்தால் கரன்ட் ஒரு வால்போல இழுத்துக்கொண்டு போகும். பாலிகா குழுவினர் எலெக்ட்ரான் கதிர்களைச் செலுத்தி அந்தத் தேக்கத்தைக் குறைத்து, வேண்டிய வேகத்துக்குக் கொண்டுவரும் முறையைச் செய்து காட்டினர். அதன் பிறகே அது பம்ப், லிஃப்ட், ரயில் என்று எல்லா இடங்களிலும் பரவியது. 2024-ல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. இவ்வளவு முன்னேறிய பிறகும் அந்த வால் முழுவதும் மறையவில்லை. அதனால்தான் பம்ப் கன்ட்ரோலர் தயாரிப்பாளர்கள் எண்ணைத் தாழ்வாகவே வைத்து அனுப்புகிறார்கள்.

அடுத்தது மோட்டார். ஐ.ஜி.பி.டி. வேகமாகத் திறக்கும்போது கேபிளில் செங்குத்தான வோல்டேஜ் அலை கிளம்புகிறது. கேபிள் நீளமாக இருந்தால், அந்த அலை மோட்டார் முனையில் மோதித் திரும்பும்போது வோல்டேஜ் ஏறக்குறைய இரண்டு மடங்காக எழும். உள்ளே 540 வோல்ட் என்றால், மோட்டார் முனையில் 1,000 வோல்ட்டை நெருங்கலாம். 500 அடி என்பது 150 மீட்டருக்கு மேல். இந்தத் துள்ளல் எழுவதற்குத் தாராளமாகப் போதும். 4,000 என்றிருந்த அடி 12,000 ஆனபோது, காயில் கம்பியின் காப்பு நொடிக்கு 3 மடங்கு அடி வாங்கியிருக்கிறது.

செய்ய வேண்டியவை இவை. எண்ணைத் தயாரிப்பாளர் வைத்த அளவுக்கே திருப்ப வேண்டும்; கையேட்டில் இருக்கும். அந்த 'கீ' சத்தம் கேடு அல்ல. காயில் கட்டும்போது, இன்வெர்ட்டரில் ஓடும் மோட்டாருக்கு உரிய காப்புள்ள கம்பியையே போடச் சொல்ல வேண்டும். கன்ட்ரோலரின் வெளிப்பக்கத்தில், ஆழமான போருக்கு உரிய சோக் அல்லது ஃபில்டர் பொருத்தினால் அலையின் செங்குத்து குறையும். எந்த அளவு என்பதை ஹெச்.பி., கேபிள் நீளம் இரண்டையும் சொல்லித் தயாரிப்பாளரிடமே கேட்க வேண்டும். மானியத் திட்டத்தில் அமைத்த பம்ப்செட் பராமரிப்புக் காலத்துக்குள் இருந்தால், வெளியாளை வைத்துப் பெட்டியைத் திறக்காமல், அமைத்துக் கொடுத்த நிறுவனத்துக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவிப்பதே முறை. பெட்டியைத் திறந்த பிறகு உத்தரவாதம் கேட்பது சிரமம்.

ஒட்டன்சத்திரத்தில் டிரான்சிஸ்டர் மெதுவாகத் திறந்ததால் கெட்டது. பொங்கலூரில் அடிக்கடி திறந்ததால் கெட்டது. இரண்டு இடத்திலும் உதவி செய்ய வந்தவர் நல்லெண்ணத்தோடுதான் ஒரு எண்ணை மாற்றினார். வேகம், கரன்ட், வோல்டேஜ், சூடு நான்கும் ஒன்றோடொன்று கட்டிய கயிறு. ஒன்றை இழுத்தால் மற்ற மூன்றும் நகரும். எதை மாற்றினாலும், மாற்றுவதற்கு முன் பழைய எண்ணை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பது, ஒரு சீசன் பயிரைக் காப்பாற்றும்.

(மின்சாதனம் பற்றிக் கேள்வி அனுப்புவோர் கருவியின் மேல் உள்ள வோல்ட், ஆம்பியர் விவரம், கேபிள் நீளம், பழுது ஏற்பட்ட நேரம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதவும்.)